மூன்று அங்குல வில்லையும் பத்து டன் கல்லும்: தொலைநோக்கித் தேர்வின் ஒரு தென்னிந்திய வரலாறு

சென்னை நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள், ஒரு கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. எடை ஏறத்தாழ 10 டன். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராசு வானாய்வகம் அங்கே எழும்பியபோது நடப்பட்ட தூண் அது. அதன் மேற்பரப்பில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறிக்கப்பட்டுள்ளது. மொழியியலாளர்க்கும் கல்வெட்டாய்வாளர்க்கும் அந்த எழுத்துகளே முதலில் கண்ணிற் படும். ஆனால் தூண் எழுப்பப்பட்டது எழுத்துக்காக அன்று, ஒரு தொலைநோக்கியைத் தாங்குவதற்காக. அந்தத் தொலைநோக்கியோ மிகச் சிறியது. விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் நொடியைக் குறித்துக்கொள்ள உதவும் கடப்புக் கருவி. சிறிய குழாய் ஒன்றுக்குப் பத்து டன் கல் எதற்கு என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர், தொலைநோக்கி வாங்குவதில் பாதித் தவறுகளைச் செய்யமாட்டார்.

இன்று வானை நோக்க விரும்பும் மாணவர் ஒருவர் கடையிலோ இணைய அங்காடியிலோ எதிர்கொள்ளும் தேர்வு பெரும்பாலும் மூன்று வகைப்பட்டது. முதலாவது, மெல்லிய முக்காலி மேல் நிற்கும் 60 அல்லது 70 மில்லிமீட்டர் வில்லைத் தொலைநோக்கி. அட்டைப்பெட்டியின் மேல் ‘500 மடங்கு உருப்பெருக்கம்’ என்று அச்சிட்டிருக்கும். இரண்டாவது, 114 அல்லது 130 மில்லிமீட்டர் ஆடித் தொலைநோக்கி. மூன்றாவது, தரையில் அமரும் மரப்பெட்டித் தாங்கி மேல் 150 அல்லது 200 மில்லிமீட்டர் ஆடியைக் கொண்ட பருத்த குழாய். எது சிறந்தது என்ற வினா உடனே எழுகிறது. இந்த வினா புதிதன்று. தென்னிந்தியாவில் அதற்கு 230 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு ஒவ்வொரு முறையும் காட்டுவது ஒன்றையே: எது சிறந்த கருவி என்று கேட்டவர்களைவிட, எதைப் பார்க்க, எங்கிருந்து பார்க்க, எவ்வளவு காலம் பார்க்க என்று கேட்டவர்களே கருவியிடமிருந்து பயன் பெற்றார்கள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தொலைநோக்கிகளில் அடிப்படை வகைகள் இரண்டு. ஒன்று கண்ணாடி வில்லை வழியே ஒளியை வளைத்துக் குவிப்பது. மற்றொன்று குழியாடியில் ஒளியைத் திருப்பிக் குவிப்பது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்விரு நிகழ்வுகளையும் ஒளிவிலகல், எதிரொளிப்பு என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் முறிவு, தெறிப்பு என்கின்றன. நீரில் நட்ட கோல் முறிந்ததுபோல் தோன்றுவதையும், சுவரில் எறிந்த பந்து தெறித்து வருவதையும் கண்ட எவருக்கும் இலங்கை வழக்கு உடனே விளங்கும். வில்லையில் ஒளி முறிகிறது, ஆடியில் தெறிக்கிறது. முறியும் ஒளியில் நீலமும் சிவப்பும் வெவ்வேறு இடங்களில் குவிவதால் பொருளைச் சுற்றி வண்ண ஓரம் தோன்றும். தெறிக்கும் ஒளியில் அந்தக் குறை இல்லை. ஆனால் தெறிக்கும் பரப்பு காற்றுக்கு வெளிப்பட்டு நிற்கிறது, அது மங்கும். இவ்விரு குறைகளுக்கும் இடையிலான இழுபறியே தொலைநோக்கி வரலாற்றின் பெரும்பகுதி.

மதராசின் வானியல் ஓர் ஆர்வலரிடமிருந்தே தொடங்கியது. கம்பெனி அலுவலரான வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் அமைத்தார். அவரிடம் இருந்தவை 3 அங்குல வில்லைத் தொலைநோக்கிகள் இரண்டு, வானியல் கடிகாரங்கள் இரண்டு, கடப்புக் கருவி ஒன்று. வில்லைகள் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து வண்ண ஓரத்தைப் பெரிதும் குறைத்தவை. 3 அங்குலம் என்றால் 76 மில்லிமீட்டர். இன்று பள்ளி மாணவர் பிறந்தநாள் பரிசாகப் பெறும் தொலைநோக்கியும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பெட்ரியின் கருவிகளைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங் நுங்கம்பாக்கத்துக் கட்டடத்தை எழுப்பினார். பிறகு ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்பேற்றார்.

அதே காலத்தில், 1789-இல், இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் 48 அங்குல உலோக ஆடி கொண்ட 40 அடித் தொலைநோக்கியை முடித்திருந்தார். உலகிலேயே பெரிய கருவி அது. ஆனால் செம்பும் வெள்ளீயமும் கலந்த அந்த ஆடி விரைவில் மங்கியது. மீண்டும் மீண்டும் மெருகேற்ற வேண்டியிருந்தது. கருவியைத் திருப்பவே பல ஆட்கள் தேவைப்பட்டனர். ஹெர்ஷல் தம் பணியில் பெரும்பகுதியைத் தம்முடைய சிறிய 20 அடித் தொலைநோக்கியைக் கொண்டே செய்தார். பெரிதை ஆக்கியவரே சிறிதை விரும்பிக் கையாண்டார் என்பது தேர்வு செய்வோர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

மதராசின் நோக்கம் வேறு. கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் தீர்க்கரேகை வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு விண்மீன் ஒரு கம்பியைக் கடக்கும் நொடி வேண்டும். இந்தப் பணிக்கு மங்கிய விண்மீன் தேவையில்லை. பெரிய வில்லையும் தேவையில்லை. தேவைப்பட்டது அசையாமை ஒன்றே. தொலைநோக்கி பொருளை எத்தனை மடங்கு பெருக்குகிறதோ, தன் நடுக்கத்தையும் அத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும். 100 மடங்கு உருப்பெருக்கத்தில், முக்காலியின் மேல் விரல் பட்டால் போதும், சனிக்கோள் பார்வைப் புலத்தில் குதித்தாடும். அதனால்தான் சிறிய குழாய்க்குப் பத்து டன் கல். அந்த அடித்தளத்தின் மேல் மதராசு ஒரு மரபை வளர்த்தது. தாமஸ் கிளான்வில் டெய்லர் டாலண்டு நிறுவனத்தின் 5 அடிக் கடப்புக் கருவியையும் சுவர்வட்டத்தையும் கொண்டு ஏறத்தாழ 11,000 விண்மீன்களின் இடங்களை அளந்து, 1844-இல் மதராசு விண்மீன் அட்டவணையாக வெளியிட்டார். தம் காலத்தின் பெரிய அட்டவணைகளுள் அது ஒன்று. அதை ஆக்கியதில் வில்லையின் அகலத்தைவிடத் தாங்கியின் உறுதிக்கே பங்கு அதிகம்.

அடுத்த தேர்வு 1850-ஐ ஒட்டி நிகழ்ந்தது. வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் பொறுப்பில் இருந்தபோது, பாரிசைச் சேர்ந்த லெரெபூர் - செக்ரெத்தான் நிறுவனத்தின் 6 அங்குல வில்லைத் தொலைநோக்கி மதராசுக்கு வந்தது. 1852-இல் ஜேக்கப் அதன் வழியே சனியின் மங்கலான உள்வளையத்தை நோக்கி, அதனூடே கோளின் விளிம்பு தெரிவதைக் கண்டார். வளையம் ஊடுருவிப் பார்க்கத்தக்கது என்ற அந்த முடிவை அதே ஆண்டில் தனியாகக் கண்டறிந்த மற்றொருவர் வில்லியம் லாசல். லாசலின் கருவி 24 அங்குல ஆடி. நல்ல வானுக்காக அதை அவர் மால்டா தீவுக்குக் கப்பலில் கொண்டு சென்றிருந்தார். 24 அங்குல ஆடி 6 அங்குல வில்லையைப்போல் 16 மடங்கு ஒளி திரட்டக்கூடியது. இருப்பினும் இரண்டும் ஒரே உண்மையைக் காட்டின.

இதற்கு ஒரு புவியியல் காரணமும் உண்டு. அந்த ஆண்டில் சனி மேட இராசிப் பகுதியில், வான நடுவரைக்கு வடக்கே ஏறத்தாழ 15 பாகையில் இருந்தது. மதராசின் அகலாங்கு 13 பாகை. ஆகவே சனி அங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே சென்றது. கீழ்வானில் இருக்கும் கோளைப் பார்க்கையில் அதன் ஒளி தடித்த காற்றுப்படலத்தைக் கடந்து கலங்கி வருகிறது; உச்சியில் இருக்கும் கோளின் ஒளி மிகக் குறைந்த காற்றையே கடக்கிறது. நல்ல இடம் கிடைத்தால் சிறிய வில்லை தன் அளவுக்கு மேல் உழைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

1861-இல் மதராசுக்கு வந்த நார்மன் ராபர்ட் போக்சன், தொலைநோக்கித் தேர்வுக்கான கணக்கையே உலகுக்குத் தந்தவர். விண்மீன்களின் பொலிவை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பண்டைய கிரேக்கர் வகுத்திருந்தனர். எண் கூடக் கூட விண்மீன் மங்கலாகும். ஒரு தரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே பொலிவு 2.512 மடங்கு வேறுபடட்டும், ஐந்து தரங்கள் சேர்ந்தால் சரியாக 100 மடங்கு ஆகட்டும் என்று 1856-இல் போக்சன் முன்மொழிந்தார். இன்றும் வானியலின் அளவுகோல் அதுவே.

இந்த அளவுகோலைத் தொலைநோக்கியின் மேல் வைத்துப் பார்க்கலாம். இருளில் விரிந்த மனிதக் கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 76 மில்லிமீட்டர் வில்லை அதைவிட ஏறக்குறைய 118 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. போக்சன் கணக்கில் அது ஐந்து தரங்களுக்குச் சற்று மேல். வெறுங்கண் 6-ஆம் தரம் வரை காணும் இருண்ட வானில், 3 அங்குல வில்லை 11-ஆம் தரத்தைச் சற்றுத் தாண்டும். வில்லையின் விட்டத்தை இரட்டித்து 6 அங்குலம் ஆக்கினால் ஒளி நான்கு மடங்காகும். எல்லை ஒன்றரைத் தரம் நகர்ந்து 12.7-ஐ எட்டும். உருப்பெருக்கம் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ‘500 மடங்கு’ என்ற எண்ணுக்கு வானில் பொருளில்லை. ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதே பயனுள்ள உருப்பெருக்கத்தின் பொது வரம்பு; 70 மில்லிமீட்டர் வில்லைக்கு 140. அதற்கு மேல் பெருக்கினால் கிடைப்பது பெரிதாக்கப்பட்ட மங்கலே.

போக்சன் மதராசில் ஐந்து சிறுகோள்களைக் கண்டார். முதலாவது, 1861 ஏப்ரலில் கண்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் ஆதலின் ‘ஏசியா’ என்றே பெயர் பெற்றது. அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் என்ற தென்வான மண்டலத்தில் ஒரு விண்மீன் பொலிவு மாறுவதைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்த நிகழ்வைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறுநூல் வெளியிட்டவரும் அவரே. ஆனால் இந்த வானாய்வகத்துக்கு மறுபக்கமும் இருந்தது. போக்சன் காலத்து அளவீடுகள் ஆண்டுக்கணக்கில் அச்சேறாமல் குவிந்தன. 1891-இல் அவர் இறந்த பிறகு மிச்சி ஸ்மித் பொறுப்பில்தான் அவை வெளிவந்தன. கருவி இருந்தது, கண் இருந்தது, உழைப்பும் இருந்தது. பதிவு உரிய காலத்தில் உரியவரைச் சென்றடையவில்லை.

வில்லைகளே ஆட்சி செய்த இந்த நிலத்துக்கு ஆடி ஒன்று வந்த கதையும் சொல்லத்தக்கது. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரியகிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்தது. பிரெஞ்சு வானியலர் ஜூல் ஜான்சன் நீலகிரியின் சோலூரில் முகாமிட்டார். அவர் கொண்டுவந்தது 37 சென்டிமீட்டர் விட்டமும், ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த குவியத் தொலைவும் கொண்ட ஆடித் தொலைநோக்கி. கிரகணத்தின்போது சில நிமிடங்களே தோன்றும் சூரிய மகுடத்தின் மங்கிய ஒளியை நிறமாலையாகப் பிரிக்க வேண்டும். அதற்கு ஒளி மிகுதியாக வேண்டும். எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவியவும் வேண்டும். இரண்டையும் தருவது ஆடியே. அகலமான ஆடியும் குறுகிய குவியத் தொலைவும் சேர்ந்தால் உருவம் சிறிதாகும், ஆனால் பொலிவு கூடும். சூரியனுக்கே உரிய கருங்கோடுகள் மகுடத்தின் ஒளியிலும் இருப்பதை அவர் அன்று கண்டார். ஜேக்கப்பின் வில்லையும் ஜான்சனின் ஆடியும் இடம் மாறியிருந்தால் இருவரும் ஏமாந்திருக்கக்கூடும். தேர்வைத் தீர்மானித்தது கருவியின் மேன்மை அன்று, கேள்வியின் இயல்பு.

இந்த வரலாற்றில் ஒரு தனிமனிதரின் கதைக்குத் தனி இடம் உண்டு. அது தமிழ்நிலத்தில் தொடங்கவில்லை. தமிழ்நிலத்தில் வந்து முடிகிறது. வங்காளத்தின் ஜெசோர் ஊரைச் சேர்ந்தவர் ராதா கோவிந்த சந்திரா. 1878-இல் பிறந்தவர். பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர். மாவட்டக் கருவூலத்தில் நாணயங்களைச் சரிபார்க்கும் எளிய ஊழியர். 1910-இல் ஹாலி வால்மீனை இருகண்ணோக்கியால் கண்ட ஆர்வத்தில், 1912-இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குல வில்லைத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். பெட்ரி எழும்பூரில் வைத்திருந்த அதே அளவு.

1918 ஜூனில் அக்குய்லா மண்டலத்தில் புதிய விண்மீன் ஒன்று வெடித்துப் பொலிந்ததை வெறுங்கண்ணால் கண்டு, தொடர்ந்து நோக்கி, குறிப்புகளை அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அனுப்பினார். அதன் வழியே, பொலிவு மாறும் விண்மீன்களை நோக்குவோரின் அமெரிக்கச் சங்கத்துடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. 3 அங்குல வில்லை அவருக்கு ஏன் போதுமானதாக இருந்தது என்பதை அவர் எடுத்துக்கொண்ட பணியே விளக்குகிறது. பொலிவு மாறும் விண்மீனை அருகிலுள்ள நிலைப்பொலிவு விண்மீன்களோடு ஒப்பிட்டு மதிப்பிட வேண்டும். பெரிய உருப்பெருக்கம் வேண்டியதில்லை. நுண்ணிய உருவமும் வேண்டியதில்லை. இரவுதோறும் திரும்பத் திரும்ப நோக்கும் பொறுமையே வேண்டும்.

ஆனால் பெட்ரியின் அளவுக்குப் போக்சனின் கணக்கு ஓர் எல்லை இடுகிறது. சிங்க மண்டலத்தில், மகம் விண்மீனுக்கு மேற்கே சற்றுத் தள்ளி, ஆர் லியோனிஸ் என்ற விண்மீன் உள்ளது. ஏறத்தாழ 310 நாள்களுக்கு ஒருமுறை வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு பொலிந்து, பிறகு 11-ஆம் தரத்துக்கும் கீழே மங்கும். 3 அங்குல வில்லையில் அது எல்லைக்கோட்டில் நின்று மறைந்துவிடும். ஒரு விண்மீனின் ஏற்றத்தை மட்டும் பதிந்து இறக்கத்தை விட்டால் பதிவு பாதியாகவே நிற்கும். சங்கம் இதற்கு ஒரு தீர்வு கண்டது. அதன் உறுப்பினர் சார்லஸ் எல்மரிடம் இருந்த, 6 அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய வில்லைத் தொலைநோக்கி, 1926-இல் கடல் கடந்து ஜெசோருக்கு வந்தது. விட்டம் இரட்டித்தது, எல்லை ஒன்றரைத் தரம் நகர்ந்தது, மங்கிய காலத்திலும் பல விண்மீன்கள் கைக்குள் வந்தன.

இங்கே சங்கம் செய்த தேர்வைச் சற்று நின்று நோக்க வேண்டும். அந்தக் காலத்து ஆடிகள் கண்ணாடியின் மேல் வெள்ளி பூசியவை. ஈரக்காற்றில் வெள்ளி கறுக்கும். திரும்பத் திரும்பப் பூச வேண்டும். நீடித்து நிற்கும் அலுமினியப் பூச்சு 1930-களில்தான் வந்தது. வங்காளத்தின் மழையீரத்தில், பூச்சுக்கூடம் எதுவும் அருகில் இல்லாத கருவூல ஊழியர் ஒருவருக்கு, அதே விலையில் பெரிய ஆடி கிடைத்திருந்தாலும் அது சில பருவங்களில் குருடாகியிருக்கும். வில்லை அப்படியன்று. வெளிப்பரப்பைத் துடைத்துப் பேணினால் தலைமுறைகள் தாங்கும். ஈர நிலத்தில் வில்லைக்கும் பூஞ்சை என்ற பகை உண்டு. உலர வைத்தால் தப்பும்.

சந்திரா நாட்டுப் பிரிவினைக்குப் பின் மேற்கு வங்கத்தின் பாராசத்துக்குக் குடிபெயர்ந்தார். 1950-களின் நடுப்பகுதி வரை அவர் சங்கத்துக்கு அனுப்பிய மதிப்பீடுகள் 37,000-க்கும் மேல். மங்கிய வில்லைக்கும் மேகம் மறைத்த இரவுக்கும் இடையே ஒரு மனிதர் 35 ஆண்டுகளில் இவ்வளவு எழுதினார். எழுதியதை உடனுக்குடன் அனுப்பினார். பிறகு எல்மரின் தொலைநோக்கி நைனிடாலில் வானாய்வகம் கட்டிக்கொண்டிருந்த வைணு பாப்புவிடம் சென்றது. பாப்புவும் இளமையில் பொலிவு மாறும் விண்மீன்களை நோக்கி வளர்ந்தவர். 1960-இல் கோடைக்கானலின் இயக்குநராகி, தெற்கே புதிய வானாய்வகத்துக்கு இடம் தேடினார். ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். அமெரிக்காவிலிருந்து ஜெசோருக்கும், அங்கிருந்து பாராசத்துக்கும், நைனிடாலுக்கும் சென்ற அந்தத் தொலைநோக்கி, இறுதியில் காவலூர் வந்து சேர்ந்தது.

காவலூரின் சொந்தத் தேர்வுகளும் இதே பாடத்தைத்தான் மீண்டும் சொல்கின்றன. 1968-இல் அங்கே பணி தொடங்கியது 38 சென்டிமீட்டர் ஆடியோடு. 1972-இல் 102 சென்டிமீட்டர் ஸைஸ் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனசு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை அது பதிவு செய்தது. அந்த நிகழ்வே யுரேனசின் வளையங்களை உலகுக்குக் காட்டியது. 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே செய்யப்பட்டு, 1986-இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அலுமினியப் பூச்சுக்கூடமும் பணியாளரும் உள்ள நிறுவனத்துக்கு ஆடியே பொருத்தம். சந்திராவுக்குப் பொருந்தாதது இங்கே பொருந்தியது.

ஆயினும் 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டபோது பயன்பட்டது அந்த 234 சென்டிமீட்டர் ஆடி அன்று. அதே வளாகத்தில் இருந்த 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கி. சிறுகோள் தேடுவோருக்கு ஆழத்தைவிட அகலம் வேண்டும். வானின் பெரும்பரப்பை ஒரே படத்தில் பிடிக்க வேண்டும். பெரிய தொலைநோக்கி காண்பது ஊசித்துளை அளவு வானம். அந்தச் சிறுகோளுக்கு இராமானுஜன் என்று பெயர்.

இன்றைய கடைத்தெருவுக்குத் திரும்புவோம். அலுமினியப் பூச்சு பல ஆண்டுகள் தாங்குவதால், ஈர நிலத்திலும் ஆடி இப்போது அச்சுறுத்துவதில்லை. விலையைப் பார்த்தால், ஒவ்வொரு மில்லிமீட்டர் விட்டத்துக்கும் ஆடியே மலிவு. தாங்கியின் சிக்கலையும் ஒருவர் எளிதாக்கியிருக்கிறார். சான் பிரான்சிஸ்கோவின் வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர் ஜான் டாப்சன். மடத்துக் கடமைகளுக்கிடையே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கிகள் செய்து, தெருவில் போவோர்க்கு வானைக் காட்டினார். அதனாலேயே 1967-இல் மடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர் பரப்பிய தாங்கி, ஒட்டுப்பலகைப் பெட்டி ஒன்று. அதில் பற்சக்கரமும் மோட்டாரும் இல்லை. தரையில் அகலமாக அமர்ந்து, கைவிரலால் தள்ளினால் நகர்ந்து, விட்டால் அப்படியே நிற்கும். நுங்கம்பாக்கத்துக் கருங்கல்லும் டாப்சனின் ஒட்டுப்பலகையும் ஒரே கேள்விக்கான இரு விடைகள். ஒன்று எடையால் நிலைத்தது. மற்றொன்று தாழ்ந்து அமர்வதால் நிலைத்தது. இரண்டுக்கும் நடுவே, மெல்லிய முக்காலி மேல் நடுங்கும் குழாய்தான் கடையில் மிகுதியாக விற்கிறது.

ஆகவே தேர்வு இவ்வாறு அமையும். நிலவின் பள்ளங்களும் வியாழனின் நிலவுகளும் சனியின் வளையமும் காண விரும்பும், மாடிப்படி ஏறி இறங்கும் நகரவாசிக்கு, உறுதியான முக்காலி மேல் 70 அல்லது 80 மில்லிமீட்டர் வில்லை போதும். அது பெட்ரிக்கும் சந்திராவுக்கும் போதுமானதாக இருந்தது. விண்மீன் திரள்களையும் ஒண்முகில்களையும் தேடுபவர்க்கு 150 அல்லது 200 மில்லிமீட்டர் ஆடியும் மரப்பெட்டித் தாங்கியும் வேண்டும். அவர் ஆடிகளை அவ்வப்போது நேர்வரிசைப்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். கருவி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரும்வரை அரைமணி நேரமாவது காத்திருக்கவும் வேண்டும். பணம் குறைவென்றால், நடுங்கும் தொலைநோக்கியைவிட நல்ல இருகண்ணோக்கி மேல். எந்நிலையிலும் உருப்பெருக்க எண்ணைப் பார்த்து வாங்கலாகாது.

கருவியோடு இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒகேனக்கல்லுக்கு அண்மையில், காவிரிக் காட்டை ஒட்டி, பழைய மைசூர் மாவட்டத்தின் எல்லையில் கோபிநத்தம் இருக்கிறது. தமிழ் பேசும் மக்கள் வாழும் அந்தக் கன்னட நாட்டுச் சிற்றூரை வெளியுலகம் அறிந்தது காட்டுவழக்குகளாலும் காவல்துறைத் தேடுதல்களாலும்தான். வானியல் அதை வேறு விதமாக அறியலாம். காவலூரைப்போலவே அதன் அகலாங்கும் ஏறத்தாழ 12 பாகை. அங்கிருந்து வடவானும் தெரியும், தென்சிலுவையும் தெரியும். ஒமேகா செந்தாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து, தெற்கே 30 பாகை உயரம் எழும். பெருநகர விளக்குகளுக்கு நடுவே 3 அங்குல வில்லைக்கு அது வெறும் புகைமூட்டமாகவே தெரியும். காடு சூழ்ந்த இருளில் அதே வில்லைக்கு அது பரந்த ஒளித்திரளாக விரியும். பெருநகரத்தில் 8 அங்குல ஆடிக்குச் செலவிடும் பணம் விளக்கொளியோடு போராடுவதிலேயே கழியும். காட்டோரத்துப் பள்ளி ஒன்றுக்கு 3 அங்குல வில்லையும், அசையாத தாங்கியும், ஒரு குறிப்பேடும் கிடைத்தால், அந்த மாணவர்கள் நிற்கும் இடம் ஜெசோரின் கருவூல ஊழியர் நின்ற இடத்தைவிட மேலானது. அவர் 23 பாகை வடக்கே, வங்காளத்தின் மூட்டத்துக்கு அடியில் நின்றவர்.

நுங்கம்பாக்கத்துத் தூண் தாங்கிய கருவி என்றோ அகற்றப்பட்டுவிட்டது. தூண் நிற்கிறது. டெய்லரின் அட்டவணை இருக்கிறது. சந்திராவின் மதிப்பீடுகள், அனுப்பப்பட்டதால், உலகத் தொகுப்பில் இன்றும் ஆய்வாளர் கைக்கு எட்டுகின்றன. போக்சனின் குறிப்புகளோ ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. தொலைநோக்கி வாங்கும் பட்டியலில் வில்லை, ஆடி, தாங்கி ஆகியவற்றுக்குப் பிறகு நான்காவதாக ஒரு பொருளை எழுதிக்கொள்வது நல்லது: தேதியும் நேரமும் எழுதத்தக்க ஒரு குறிப்பேடு. விலை மிகக் குறைந்தது அதுவே.